பைக்காரா மின்சாரமும் கொங்குக் கிணறுகளும்: கேள்வி பதில்

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின் கோவை வட்டாரத்தின் தொழிலும் வேளாண்மையும் எவ்வாறு மாறின என்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, மின்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் அளித்த பதில்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர்): ஐயா, பைக்காரா சிறிய ஆறுதானே? காவிரியை விட்டு அங்கே ஏன் தொடங்கினார்கள்?

பதில்: மின்னாற்றலைத் தீர்மானிப்பவை நீரின் அளவும் அது விழும் உயரமும். பைக்காரா நீர் மலை உச்சியிலிருந்து சிங்காரா மின்நிலையம் வரை குழாய்களில் 3,000 அடிக்கு மேல் இறங்குகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமோ 120 அடி. ஆகவே ஒரு லிட்டர் நீர் மேட்டூரில் தருவதைப் போல் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு ஆற்றலைப் பைக்காராவில் தரும். ஆனால் குழாயின் அடிப்பகுதி தாங்க வேண்டிய அழுத்தம், கார் டயரில் நாம் அடைக்கும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் நாற்பது மடங்கு. அத்தகைய எஃகுக் குழாயை மலைச்சரிவில் பதித்ததையே நான் அத்திட்டத்தின் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): மின்சாரம் வருமுன்பே கோவையில் பஞ்சாலைகள் இருந்தனவே?

பதில்: இருந்தன. ஸ்டேன்ஸ் ஆலை 1888இலேயே வந்துவிட்டது. ஆனால் நீராவி எந்திரத்துக்கு வேண்டிய நிலக்கரி நெடுந்தொலைவிலிருந்து ரயிலில் வர வேண்டியிருந்ததால், சிறு முதலீட்டாளர் ஆலை வைக்க அஞ்சினார். கரிசல் மண்ணும் கம்போடியா ரகப் பருத்தியும் ஏற்கெனவே இங்கிருந்தன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்தபோது, பருத்தியில் பணம் பார்த்தவர்கள் வேறு முதலீடு தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த வேளையில் கம்பி வழியே மின்சாரம் வந்தது. எல்லாவற்றையும் பைக்காராவின் கணக்கில் எழுதுவது எனக்கு ஒப்புதலில்லை.

கேள்வி (பல்லடம் வாசகி): என் தாத்தா கவலை (மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் முறை) ஓட்டியதாக அப்பா சொல்வார். மோட்டார் எப்படி எங்கள் கிணற்றுக்கு வந்தது?

பதில்: உங்கள் தாத்தாவின் மாடுகள் சரிவில் இறங்கித் தோல் பையை மேலே இழுத்து, பின்னோக்கி ஏறி மீண்டும் இறங்கும். ஒரு ஜோடி மாடு நாள் முழுதும் தொடர்ந்து ஒரு குதிரைத் திறனை எட்டுவதே அரிது. 5 குதிரைத் திறன் மோட்டார், பாதித் திறன் வீணானாலும், அறுபது அடி ஆழத்திலிருந்து நொடிக்குப் பத்து லிட்டர் இறைக்கும். வானம் பார்த்த காடாக (மானாவாரி நிலமாக) கிடந்த நிலம் பல கிணற்றுப் பாசனத் தோட்டமானது இதனால்தான்.

அரசுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. கம்பியும் கம்பமும் போட்ட செலவு, நுகர்வோர் குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் அதேதான். ஆலைகளை நோக்கிச் சென்ற கம்பி வயல்களைக் கடந்தே சென்றது. மின்துறையினர் கிணறுகளைத் தேடிச் சென்று இணைப்புக் கொடுத்ததற்கு அதுவே காரணம். மோட்டார் பழுதானால் பார்க்கப் பட்டறை வேண்டும், பம்புக்கு வார்ப்படம் வேண்டும். 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக் கூடமும், 1937இல் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டிய பாலசுந்தரம் நாயுடு போன்றோரும் அத்தேவையை நம்பியே வளர்ந்தார்கள்.

கேள்வி (அவிநாசி விவசாயி): நிலத்தடி நீர் வற்றியதற்கும் அந்த மோட்டார்தானே காரணம்?

பதில்: ஒரு பகுதி உண்மை. கவலைக்கு இயற்கையான வரம்பு இருந்தது: கிணறு வற்றினால் மாடு ஓய்வெடுக்கும், மறுநாள் ஊற்று சேரும். தரையில் வைத்த பம்பு நடைமுறையில் இருபத்தைந்து அடிக்கு மேல் உறிஞ்சாது என்பதால், தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கினார்கள். நீர்மூழ்கி பம்பும் போர்வெல்லும் வந்தபின் அந்த வரம்பும் போயிற்று. நம்முடையது பாறைப் பூமி. விரிசல்களில் தேங்கும் நீரை ஒருவர் ஆழமாக எடுத்தால் அடுத்தவர் கிணறு காயும்.

கட்டணமும் சேர்ந்துகொண்டது. 1970-களின் தொடக்கத்தில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை விவசாயிகள் மாட்டு வண்டிகளுடன் நகருக்குள் வந்து போராடினார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. யூனிட்டுக்குக் காசில்லாதபோது திறன் குறைந்த பம்பை மாற்றத் தோன்றாது. ஆனால் ஆயிரம் அடி போர் போட்டுக் கடன்பட்டவரிடம் மின்சாரம் இலவசம் என்று வாதிடுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

கேள்வி (கோவை வாசகர்): இன்றைய தேவைக்கு நீலகிரி நீர்மின்சாரம் ஒரு பொருட்டா?

பதில்: மொத்த அளவில் சிறிய பங்குதான். ஆனால் உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் காற்று நின்றதும் நின்றுவிடும். குளிர்ந்து கிடக்கும் அனல்மின் நிலையத்தைச் சூடேற்ற மணிக்கணக்காகும். மலையில் தேக்கிய நீருக்கு வால்வைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும்.