பக்கத்து இருக்கையின் ஜால்ரா

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு விமானத்தில் போனேன். பக்கத்து இருக்கைத் தம்பி இயர்போனை மாட்டிக்கொண்டு நாலு மணி நேரமும் பாட்டுக் கேட்டபடி வந்தார். ‘ச்சிக் ச்சிக்’ என்று எனக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனைக்கும் என் காதில் மகள் வாங்கித் தந்த விலை கூடிய நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன். அதை ஆன் செய்தால் அந்தச் சத்தம் இன்னும் துலக்கமாகக் கேட்கிறது! ஹெட்போன் பழுதா, என் காது பழுதா? சண்டையாகிவிடுமோ என்று அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

எஸ்., ஸ்ரீரங்கம்

அன்புள்ள எஸ்.,

இரண்டும் பழுதில்லை. ஹெட்போன் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் உங்களுக்கு அந்த ஜால்ரா கேட்டது.

உயரத்தில் பறக்கும் விமானத்துக்குள் இரைச்சல் சுமார் 80 முதல் 85 டெசிபல். இறக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தால் கொஞ்சம் கூடுதல். இதில் பெரும்பங்கு அடித்தொண்டை உறுமல்: எஞ்சினும், உடற்பகுதியை உரசிக்கொண்டு ஓடும் காற்றும் சேர்ந்து எழுப்புவது. நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனில் இருக்கும் சின்ன மைக் இந்த உறுமலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. ஒன்றை ஒன்று அடித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வு) உறுமலின் அலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நீளம்; ஒரே சீராகவும் வரும். எதிர் அலை ஒரு நூலிழை பிந்தினாலும் பரவாயில்லை. ஆனால் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 7 சென்டிமீட்டர்கூட இல்லை. அங்கே அதே நூலிழைத் தாமதம் கணக்கையே கெடுத்துவிடும். அதனால் சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதிர் அலையின் பலம் வேகமாகக் குறைகிறது. அதற்கு மேல் தடுப்பதெல்லாம் காதைச் சுற்றியிருக்கும் மெத்தைதான்.

இயர்போனிலிருந்து கசிவதோ முழுக்க மேல்சுருதி. மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்தின் கனத்த ஒலி) வெளியே வராது, ஜால்ரா மட்டும் வரும். ஸ்விட்சைப் போடும் முன் அந்த ஜால்ராவில் பாதியை விமானத்தின் உறுமல் மூடி மறைத்துக்கொண்டிருந்தது. போட்டதும் மூடி போய்விட்டது. ஜால்ரா ஒரு டெசிபல்கூட ஏறவில்லை, தனியாக மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். குழந்தையின் அழுகைக்கும் இதே கதை.

இந்தக் கருவியின் பிறப்பே விமானத்தில்தான் என்பது ஒரு வேடிக்கை. 1978இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த அமர் போஸ் (போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்; தகப்பனார் வங்காளி) விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காமல், அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது. அவர் எதிரியாக நினைத்தது எஞ்சினை. பக்கத்து இருக்கையை அல்ல.

அந்தத் தம்பி ஏன் அவ்வளவு சத்தமாக வைத்தார்? பெரும்பாலும் காதைச் சரியாக அடைக்காத இயர்போனாக இருக்கும். காதோரம் சும்மா தொங்கும் வகை, அல்லது ரப்பர் முனை அளவு சேராதது. 80 டெசிபல் இரைச்சல் அப்படியே உள்ளே வருகிறது; பாட்டு அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் 90ஐத் தொட வேண்டும். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி, 91க்கு இரண்டு. சிங்கப்பூர் போய்ச் சேரும் முன்பே அவர் கணக்கு தீர்ந்துவிடும். காதை நன்றாக அடைக்கும் முனை 20 டெசிபலைக் குறைத்தால் அதே பாட்டை 70இல் சுகமாகக் கேட்கலாம், உங்களுக்கும் கேட்காது. டப்பாவில் மூன்று அளவு ரப்பர் தருகிறார்கள்; பலரும் பொருத்தி வந்த நடு அளவோடு காலம் தள்ளுகிறார்கள். விமானத்தில் இலவசமாகத் தரும் மெல்லிய ஹெட்செட்டும் இதே கசியும் ரகம்தான்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியது: ஃபோம் காதடைப்பான். மருந்துக்கடையிலேயே கிடைக்கும். இரண்டு விரலால் ஊசிபோல் மெல்லிசாக உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். உள்ளே நுழைத்து, அரை நிமிடம் விரலால் அமுக்கியே வைத்திருங்கள். பலரும் தவறவிடுவது இந்த அரை நிமிடம்தான். விட்டால் ஃபோம் விரியும்போது வெளியே நழுவி, பாதி அடைத்து நிற்கும். ஃபோம் மேல்சுருதியை நன்றாகத் தடுக்கும், உறுமலில் தடுமாறும். ஹெட்போன் நேர்மாறு. ஃபோமை உள்ளே வைத்து மேலே ஹெட்போனை மாட்டி ஆன் செய்தால் இரண்டு வேலையும் நடக்கும். மழைச் சத்தம் போன்ற சீரான ஒலியை மெதுவாக ஓடவிட்டால் மிச்சமிருக்கும் ஜால்ராவும் அதில் கரையும். விமானம் இறங்கத் தொடங்கும்போது ஃபோமைத் திருகி மெதுவாகக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றழுத்தம் மாறும்போது அடைப்புக்குள் சிக்கிக் காது வலிக்கலாம்.

கண்ணாடிக் காலும் தொங்கும் ஜிமிக்கியும் மெத்தைக்கு அடியில் சந்து விடும். உறுமல் அந்தச் சந்து வழியாகத்தான் நுழையும். கண்ணாடிக் காலை மெத்தைக்கு மேலே தூக்கி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

இனி, எப்படிச் சொல்வது. முதலில் ஒன்று: தன் இயர்போன் கசிகிறது என்று பாட்டுக் கேட்பவருக்குத் தெரியாது. தெரிய வழியே இல்லை. ஆகவே குற்றம் சாட்டும் குரல் வேண்டாம், தகவல் சொல்லும் குரல் போதும். தோளைத் தட்டாதீர்கள், அவர் பார்வை படும் இடத்தில் கையை அசையுங்கள். இயர்போனைக் கழற்றும் வரை காத்திருந்து, “தம்பி, உங்க பாட்டு எனக்கும் கேக்குதுப்பா, கொஞ்சம் கொறச்சுக்கிறீங்களா?” அவ்வளவுதான். பயணம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் பொறுத்துவிட்டுச் சொன்னால் அந்த மூன்று மணி நேரமும் குரலில் வந்துவிடும்.

சொல்லியும் அவர் குறைக்கவில்லையென்றால் இரண்டாம் முறை நீங்கள் பேச வேண்டாம். எழுந்து பின்னால் போய்ப் பணியாளரிடம் இருக்கை எண்ணைச் சொல்லுங்கள். அவர்கள் வேறு யாருக்கோ தண்ணீர் கொடுப்பதுபோல் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், அல்லது காலி இடம் இருந்தால் உங்களை மாற்றுவார்கள்.

இயர்போனே இல்லாமல் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓட்டுகிறவருக்கு இவ்வளவு நயம் தேவையில்லை, நேராகப் பணியாளர்தான். ஆனால் அவர்களிலும் சிலர் அப்பாவிகள்: புளூடூத் இணைந்துவிட்டதென்று நினைத்து ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து ஓடவிட்டு, காதுக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்றுவதுதான் முறை.

உங்கள் பங்குக்கும் ஒன்று. ஹெட்போன் மாட்டியபடி பணிப்பெண்ணிடம் காபி கேட்காதீர்கள். தன் குரல் சரியாகக் கேட்காதபோது மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை எழுதிவைத்தார். பத்து வரிசைக்கு உங்கள் காபி கேட்கும்.

தம்பியின் வயர் இல்லாத இயர்பட் இருக்கைக்கு இடையில் விழுந்தால் மட்டும் அவரைக் கையை விட்டுத் துழாவவோ இருக்கையைச் சாய்க்கவோ விடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி, நசுங்கினால் தீப்பிடிக்கலாம். மேலே இருக்கும் பொத்தானை அமுக்கிப் பணியாளரைக் கூப்பிடுங்கள். ஜிமிக்கியைக் கழற்றுவதாக இருந்தால் கைப்பையின் ஜிப் அறையில் வையுங்கள். முன்னிருக்கைப் பையில் போட்டது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது ஞாபகத்துக்கு வராது.