பதில்: ‘மோ லி ஹுவா’, எந்த வடிவம் சரி?

வணக்கம். உங்கள் மகள் பள்ளி விழாவுக்குப் பார்த்த இந்தச் சீன மல்லிகைப் பாடலின் இரண்டு பதிவுகளில் வரிகள் மாறுவதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் சரிதான். பழைய நாட்டுப்பாடலில் மல்லிகையோடு வேறு இரண்டு பூக்களும் வரும். ஹ ஃபாங் என்ற இசையமைப்பாளர் 1942-இல் நான்ஜிங் அருகே லியூஹ பகுதியில் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மூன்றையும் மல்லிகையாகவே மாற்றினார். இன்று பரவலாகப் பாடப்படுவது அதுதான், அதையே எடுங்கள்.

குழலில் வாசிக்க எளிது. ஐந்து சுரம்தான், நம் மோகன ராகத்தின் அதே சுரங்கள். தொடக்கம்: க க ப த, மேல் ச ச, த ப, ப த ப. ஆனால் கடைசியில் ஷட்ஜத்தில் (ச) நிறுத்திவிட வேண்டாம், பழக்கதோஷத்தில் கை அங்கேதான் போகும். நான்ஜிங் இருக்கும் ஜியாங்சு மாகாணத்து மெட்டான இது கீழ்ப் பஞ்சமத்தில்தான் (ப) முடிகிறது. சுரத்தை அசைக்கும் கமகமும் வேண்டாம், நேராக வாசித்தால்தான் அழகு.

அப்புறம், தலையில் வைக்க எந்தப் பூ என்று கேட்டீர்களே: குண்டுமல்லி. சாதிமல்லி வேறு இனம். சீனாவின் ஃபூஜோ நகரில் தேயிலைக்கு மணமேற்றுவதும் இந்தக் குண்டுமல்லி இனம்தான். மாலை நிகழ்ச்சி என்றால் மொட்டாகவே வாங்குங்கள், இரவில்தான் விரியும்.