பழைய ஆங்கிலச் சாமான் பட்டியலில் கார்ப்பெட் ஏன் மேசைமேல் கிடக்கிறது?

கேள்வி: 1630 முதல் 1800 வரை இறந்துபோன சில ஆங்கிலேய விவசாயிகளின் வீட்டுச் சாமான் பட்டியல்களைத் தமிழில் பெயர்க்கிறேன். 'பெட்' தனி விலை, 'பெட்ஸ்டெட்' தனி விலை என்று இருக்கிறது. கார்ப்பெட் மேசையோடு வருகிறது. 'டயபர்' நாப்கின் ஒரு டஜன் என்கிறார்கள். அகராதி பார்த்தும் குழப்பம் தீரவில்லை. எப்படி அணுகுவது?

பதில்: கையில் இருப்பது எந்த மாதிரி ஆவணம் என்பதிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்தில், 1529இல் வந்த சட்டப்படி, இறந்தவருடைய அசையும் சொத்துக்கு மதிப்புப் போட்டுப் பட்டியல் எடுக்க வேண்டும். அதை எடுத்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான். ஒவ்வோர் அறையாக நடந்து, கண்ணில் பட்ட வரிசையில், காதில் கேட்டபடி எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டே போனார்கள். அதனால் எந்த அறை, பக்கத்தில் என்ன பொருள், என்ன விலை என்ற மூன்றையும் பார்க்காமல் ஒரு சொல்லையும் பெயர்க்காதீர்கள். இன்றைய அகராதி சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படுக்கையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பட்டியலில் பெரிய தொகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 'பெட்ஸ்டெட்' என்பது மரச் சட்டம் மட்டும். சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டு, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள், நம் கயிற்றுக்கட்டில் போலத்தான். அதன்மேல் கோரைப் பாய், பாய்மேல் வைக்கோல் மெத்தை, அதற்கும் மேல்தான் 'பெட்'. அதாவது அந்தக் காலத்துப் 'பெட்' என்பது மெத்தை. 'ஃபெதர்பெட்' என்றால் இறகு அடைத்தது, வசதியானவர் வீட்டில் இருப்பது. 'ஃபிளாக்பெட்' என்றால் கம்பளிக் கழிவு அடைத்தது, விலை குறைவு. மெத்தைக்குமேல், தலைமாட்டில் குறுக்காகப் போடும் நீளத் திண்டு 'போல்ஸ்டர்', அதன்மேல் தலையணை. இவற்றையெல்லாம் 'கட்டில்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால், மரச் சட்டத்தைவிட மெத்தைக்கு ஏன் கூடுதல் விலை என்று படிக்கிறவருக்குப் புரியாது.

இதே இடத்தில் 'ஃபர்னிச்சர்' என்ற சொல்லும் வரும். மேசை நாற்காலி என்று எழுதிவிடாதீர்கள். ஷேக்ஸ்பியர் 1616இல் எழுதிய உயிலில் மனைவிக்குத் தன் இரண்டாவது சிறந்த 'பெட்'டை அதன் 'ஃபர்னிச்சரோடு' விட்டுப்போனார்; அது கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரை, விரிப்பு, போர்வை வகையறாதான்.

கார்ப்பெட் விஷயம் எளிது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது பெரும்பாலும் மேசைமேல் விரிக்கும் கனமான துணி, சில வீடுகளில் துருக்கியிலிருந்து வந்த கம்பளி விரிப்பு. காலில் போட்டு மிதிக்கிற விலையில் அது இல்லை. ஆகவே பழைய பட்டியல்களில் 'மேசை விரிப்பு' என்றே எழுதுங்கள். பிந்தைய பட்டியல்களில் அது தரைக்கு இறங்கியிருக்கலாம், அங்கே பக்கத்துப் பொருளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 'பிரெஸ்' என்பது துணிமணி வைக்கும் அலமாரி. 'ஜாயின்ட் ஸ்டூல்' என்பது ஆணி அடிக்காமல் துளையும் கழுந்துமாகப் பொருத்தி மர முளை இறுக்கிய ஸ்டூல்.

'டயபர்' என்பது ஒரு நெசவு வகை. வெள்ளை லினனில், அதாவது ஆளிச்செடி நார்த் துணியில், வெள்ளை நூலாலேயே சின்னச் சின்ன வைரக் கட்டங்கள் நெய்திருக்கும். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் கட்டம் தெரியும். அதில் மேசை விரிப்பும் கைத்துணியும் செய்தார்கள். குழந்தைக்குக் கட்டும் அர்த்தம் பிறகு வந்தது. 'கட்டம் நெய்த லினன் கைத்துணி' என்று எழுதினால் போதும்.

விரிப்புகளில் தரம் பிரிப்பதைக் கவனியுங்கள். 'ஃபிளாக்சன்' என்றால் ஆளிச்செடி நாரில் நெய்தது, 'ஹெம்பன்' அதைவிட முரடு, 'டோ' என்பது நாரைச் சீவும்போது கழியும் கட்டை நாரில் நெய்த மட்டம். 'ஹாலண்ட்' நல்ல மெல்லிய லினன், முதலில் நெதர்லாந்திலிருந்து வந்தது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது 'காட்டன்'. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பருத்தி என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் கால இங்கிலாந்தில் 'கெண்டல் காட்டன்', 'வெல்ஷ் காட்டன்' என்று விற்றதெல்லாம் மேற்பரப்பில் இழையைக் கிளப்பி மென்மையாக்கிய கம்பளித் துணி. 1630இல் ஒரு கிராமத்து வீட்டில் 'காட்டன்' கண்டால் முதலில் கம்பளியைச் சந்தேகப்படுங்கள். இதைத் தவறவிட்டால் இந்தியப் பருத்தி இங்கிலாந்துக் கிராமங்களுக்குள் எப்போது போனது என்ற கணக்கே பிசகிவிடும்.

உண்மையான பருத்தி பெரும்பாலும் 'காலிகோ' என்ற பெயரில்தான் வரும். பெயர் கோழிக்கோட்டிலிருந்து வந்தது, சரக்கு குஜராத், வங்காளம், நம் சோழமண்டலக் கரையிலிருந்தெல்லாம் போனது. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்ததால் 1721இல் அச்சடித்த காலிகோவை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை போட்டார்கள், 1774இல்தான் அது நீங்கியது. இன்று அதே சொல்லுக்கு இங்கிலாந்தில் வெளுக்காத வெறும் பருத்தித் துணி, நாம் சொல்லும் காடாத்துணி. அமெரிக்காவிலோ சின்னப் பூப்போட்ட சீட்டித்துணி. உங்கள் பட்டியலில் வெறும் துணியா, அச்சடித்ததா என்று சொல்லும் துணை வார்த்தை இல்லாவிட்டால் 'பருத்தித் துணி' என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 'கார்னிஷ் ஆஃப் பியூட்டர்' என்று வந்தால் அது ஓர் அலங்காரப் பொருள் இல்லை. வெள்ளீயக் கலவைப் பாத்திரங்களின் முழு செட். வழக்கமாகப் பெரிய தட்டு 12, நடுத்தரத் தட்டு அல்லது கிண்ணம் 12, சின்னத் தட்டு 12. 'வெள்ளீயப் பாத்திர செட் ஒன்று' என்று எழுதி எண்ணிக்கையை அடிக்குறிப்பில் கொடுங்கள்.