பிறந்த குழந்தைக்கு ரத்தம் கெட்டியாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டுமா?

எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதில்லை. ரத்தத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். குதிகாலில் குத்தி எடுத்தால் அளவு கூடுதலாகவே காட்டும். சிரையில் (ரத்தக் குழாயில்) எடுத்த ரத்தத்தில் ஹீமட்டோகிரிட், அதாவது சிவப்பணுக்களின் பங்கு, 65 சதவீதத்தைத் தாண்டினால்தான் பாலிசைத்தீமியா, அதாவது ரத்தம் கெட்டியான நிலை. இந்த அளவு பிறந்து சுமார் 2 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல இறங்குவதும் இயல்பு.

குழந்தை நன்றாகப் பால் குடித்தால், அடிக்கடி பால் கொடுத்து, சர்க்கரை குறைகிறதா, மஞ்சள் காமாலை வருகிறதா என்று கவனித்து, சில மணி நேரத்தில் மறுபடி சோதிப்பார்கள்.

சோர்வு, நடுக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் கதை வேறு. கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை எடுத்து, அதே அளவு சலைன் (உப்புக் கரைசல்) ஏற்றி, ஹீமட்டோகிரிட்டை 55 சதவீதம் அளவுக்குக் கொண்டுவருவார்கள். 3 கிலோ குழந்தைக்கு 70 சதவீதம் இருந்தால், எடுப்பது சுமார் 50 மில்லிதான். வேறொருவர் ரத்தம் இதற்குத் தேவையில்லை. அந்தப் பயம் வேண்டாம்.