சலம் நுரைப்பதற்குக் கிணற்றைக் குற்றம் சொல்லாதீர்கள்

கேள்வி: மகளுக்கு வயது 24. லூபஸ் வருத்தம். கன்னத்துச் சிவப்பும் மூட்டு நோவும் குளிசையால் தணிந்துவிட்டன. நல்ல இடத்துச் சம்பந்தம் வந்திருக்கிறது. வருத்தத்தை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா, மறைப்பதா? கொஞ்ச நாளாக அவளுக்குச் சலம் (சிறுநீர்) நுரைக்கிறது, கிணற்றுத் தண்ணீராலாக இருக்கும். – ஒரு தாய், கிளிநொச்சி

பதில்: அம்மா, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்குவேன். வன்னியில் சிறுநீரகக் கோளாறு என்றதும் கிணற்றை நோக்கிக் கைகாட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அதே கிணற்றில் குடிக்கும் உங்களுக்கும் நுரைக்கிறதா? கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி சொந்த உடலையே தாக்குவதுதான் லூபஸ். அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது, இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சலத்தோடு கசிந்து நுரைக்கலாம். நோவு தெரியாது. காலும் கண்ணிமையும் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறிய பின்னரே பலர் ஓடி வருகிறார்கள். அதற்குள் சிறுநீரகம் மீளாத அளவுக்குப் பழுதடைந்திருக்கவும் கூடும். நாளைக் காலையே மாவட்ட வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, சலத்தில் புரதமும், இரத்தத்தில் சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவான கிரியேற்றினினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் தடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: பெண் பார்க்க வரும் நாளில் முகம் உப்பித் தெரியக்கூடாது என்று, லூபஸை அடக்கினாலும் முகத்தை உப்ப வைக்கும் ஸ்ரீரொயிட் குளிசையை நிறுத்தினீர்களா? அப்படிச் செய்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இவ்வருத்தம் தொற்றாது, செய்வினையுமல்ல. பரம்பரைச் சார்பும் பெண் ஹோர்மோனும் சேர்ந்த உடலில் வெயிலோ தொற்றோ அதைத் தூண்டுகிறது. பாதிக்கப்படுவோரில் 10 பேருக்கு 9 பேர் பெண்கள். ஒளித்து வைக்க இதில் வெட்கம் எதுவுமில்லை.

மறைத்துக் கட்டும் தாலியை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். லூபஸ் உள்ள பெண் கருத்தரிப்பதற்கு, நோய் குறைந்தது 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கும் மைக்கோபினோலேற்று போன்ற மருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்பதால், அதை வைத்தியர் முன்கூட்டியே மாற்ற வேண்டும். கலியாணமாகி மூன்றாம் மாதமே 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் வீட்டில், எதுவும் தெரியாத கணவனோடு உங்கள் மகள் இதையெல்லாம் எப்படித் தனியே சமாளிப்பாள்? குளிசையை ஒளித்து விழுங்குவாள், பிறகு விழுங்காமலே விடுவாள். சம்பந்தத்தைக் காக்க நினைத்துப் பிள்ளையை இழக்கப் போகிறீர்களா?

அவள் என்ன நினைக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வைத்தியசாலைக்குப் போகும் வழியில் அவளிடம் கேளுங்கள். சோதனை முடிவு வரும்வரை சாதகக் குறிப்பை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.