தொடங்கியதைப் பாதியில் விடாமல் என்னை நானே ஊக்கப்படுத்திக்கொள்வது எப்படி?

கேள்வி: பெங்களூரில் ஐடி வேலை. கன்னடம் பேசப் பழக வேண்டும், எடையும் குறைக்க வேண்டும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆர்வமாகத் தொடங்கி பிப்ரவரிக்குள் விட்டுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் இரண்டில் ஒன்றைத் தள்ளி வையுங்கள். ஆபீஸ் போய்வந்தபின் மிஞ்சும் அதே ஒரு மணி நேரத்துக்குத்தான் கன்னடமும் உடற்பயிற்சியும் போட்டி போடுகின்றன. இன்றைக்கு எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே அது கரைந்துவிடும். கன்னடத்தை முதலில் எடுங்கள் என்பேன், பலன் சீக்கிரம் கண்ணில் படும். எடை அப்படியில்லை. முந்தைய நாள் உப்பு கூடியிருந்தாலே மறுநாள் எடை மெஷின் ஒரு கிலோ வரை ஏற்றிக் காட்டலாம். அது உடம்பில் தங்கிய நீர், கொழுப்பு அல்ல. தினமும் ஏறி நின்று பார்ப்பவர்கள் சோர்ந்துபோவது இதனால்தான். பிறகு எடைக்கு வரும்போது வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பாருங்கள்.

'கன்னடம் கற்பேன்' என்று மட்டும் வைத்துக்கொண்டால் இன்று என்ன படிப்பது என்று தெரியாது. 'மூன்று மாதத்தில் ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடமும் கன்னடத்திலேயே பேசி முடிப்பேன்' என்று வையுங்கள். பாடம் தானாக வரும்: எஷ்டு (எவ்வளவு), இல்லி நில்லிசி (இங்கே நிறுத்துங்கள்), சில்லறெ இல்ல (சில்லறை இல்லை). நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு. இப்படிப்பட்ட சொற்களோடு முதல் வாரத்தைத் தொடங்கினால் 'நமக்கும் வருகிறதே' என்ற தெம்பு கிடைக்கும். அந்தத் தெம்புதான் இரண்டாவது வாரத்துக்கு இழுத்துப்போகும்.

அடுத்தது நேரம். பெரும்பாலான திட்டங்கள் உடைகிற இடம் இதுதான். 'ராத்திரி எட்டு மணிக்குப் படிப்பேன்' என்பது பெங்களூரில் நிற்காது. மழை பெய்த நாளில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே எட்டு மணி ஆகிவிடும். கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் தவறாமல் நடக்கிற ஒரு வேலையோடு கட்டுங்கள். 'பில்டரில் வெந்நீர் ஊற்றியதும் நோட்டைத் திறப்பேன்.' டிகாஷன் இறங்கப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும், பாடத்துக்கு அது போதும். நோட்டும் பேனாவும் பில்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். மெட்ரோவில் போகிறவர் என்றால் 'ரயில் கதவு மூடியதும் ஹெட்போன் மாட்டிப் பாடம் கேட்பேன்.' 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். அந்த நேரத்தில் 'செய்யலாமா, வேண்டாமா' என்று மனசோடு பேரம் பேச வேண்டியிருக்காது என்பதே இதன் பலம்.

அளவை ஜனவரி முதல் தேதி உற்சாகத்தில் முடிவு செய்யாதீர்கள். டெட்லைன் வாரத்தில், தலைவலியோடு எழும் காலையில் எவ்வளவு முடியுமோ அதுதான் உங்கள் அளவு. நல்ல நாளில் ஐந்து வாக்கியம், மோசமான நாளில் ஒன்று. அந்த ஒன்றும் முழு நாளாகவே கணக்கு. காலண்டரில் டிக் போடும்போது வித்தியாசம் காட்ட வேண்டாம்.

விடுபடும் நாளுக்கும் திட்டம் தேவை. 21 நாள் செய்தால் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பி, 22ஆம் நாளும் கஷ்டமாக இருந்ததும் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுமதிப்பு 66 நாள். ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே விட்டதற்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அது தண்டனை மாதிரி ஆகி, மூன்றாம் நாள் நோட்டைப் பார்க்கவே பிடிக்காது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா? பஸ் ஏறுவதற்கு முன்பே 'திரும்பி வந்த மறுநாள் காலை, ஒரே ஒரு வாக்கியம்' என்று எழுதி பில்டர்மேல் ஒட்டிவிட்டுப் போங்கள். ஜனவரித் தீர்மானங்களில் பல பொங்கல் லீவோடு நின்றுபோவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று யாரும் குறித்து வைக்காததால்தான்.

கன்னடத்துக்கென்றே இன்னொரு தடை இருக்கிறது. நாம் திணறுவதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் பரிவோடு தமிழுக்கு மாறிவிடுவார். தமிழர்கள் அதிகம் வாழும் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இது சகஜம். 'நன்ன ஜொதெ கன்னடதல்லே மாத்தாடி' (என்னோடு கன்னடத்திலேயே பேசுங்கள்) என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கிற ஒரு கடைக்காரரிடம் இப்படிச் சொல்லிவைத்தால் அவரே விடமாட்டார்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலண்டரைப் பாருங்கள். 14 நாளில் நான்குக்கு மேல் விடுபட்டிருந்தால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அளவைப் பாதியாக்குங்கள், அல்லது வேறு வேலையோடு கட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. நினைவூட்டாமலே கை நோட்டைத் தேடத் தொடங்கியபின் எடைக் குறைப்பை ஆரம்பிக்கலாம்.