ரயில் போகாத சுரங்கங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கே: ரயில் நின்றுவிட்டால் அதிர்வும் இல்லை, புகையும் இல்லை. பிறகு கைவிட்ட சுரங்கங்கள் ஏன் இடிகின்றன?

ப: அதிர்வைவிடத் தண்ணீர்தான் பெரிய எதிரி. ரயில் ஓடிய காலத்தில் கேங்மேன்கள் (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர்கள்) பக்கவாட்டு வடிகாலில் சேரும் சேற்றை அவ்வப்போது அள்ளிவிடுவார்கள். அந்த வேலை நின்றதும் வடிகால் அடைபடும். கசியும் நீர் செங்கல் வளைவுக்குப் பின்னால் தேங்கி அழுத்தும். நீராவி எஞ்சின் புகையின் அமிலத்தால் ஏற்கெனவே நைந்துபோன சுண்ணாம்புக் காரை இன்னும் கரையும். வளைவு பல அடுக்குச் செங்கலால் ஆனது. காரை போனால் உள்ளடுக்கு மற்றவற்றை விட்டுப் பிரிந்து நிற்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சுத்தியலால் தட்டினால் 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும். ஆய்வாளர்கள் இன்றும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். குளிர்நாடுகளில் வாயிலருகிலும், புகை வெளியேற மேலே திறந்துவிட்ட செங்குத்துக் காற்றுக் கிணறுகளின் அடியிலும் சேதம் அதிகம். உறைபனி எட்டுவது அங்கேதான், ஊறிய செங்கலின் முகம் பொரிந்து உதிர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் குவீன்ஸ்பரி சுரங்கம் (1878, நீளம் சுமார் 2.3 கி.மீ.) 1956-இல் மூடப்பட்டது. பாதை தெற்கு நோக்கிச் சரிகிறது. அந்த வாயிலுக்கு வெளியே இருந்த பள்ளத்தைக் கழிவு கொட்டி நிரப்பினார்கள். நீர் வெளியேற வழியின்றி அந்தப் பகுதி மூழ்கியது. கட்டியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

கே: சுரங்கத்துக்கு மேலே வீடு கட்டியிருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா?

ப: ஆழத்தில், நல்ல பாறையில் இருந்தால் பெரும்பாலும் இல்லை. அஞ்ச வேண்டியது மறைந்த கிணறுகளுக்கு. பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் தோண்டுவதற்காக மேலிருந்து செங்குத்தாகக் கிணறு இறக்குவார்கள். வேலை முடிந்ததும் சிலவற்றை மண்ணால் நிரப்பி, வரைபடத்தில் குறிக்காமலே விட்டார்கள். 1953 ஏப்ரல் 28 அன்று மான்செஸ்டர் அருகே ஸ்விண்டனில், கிளிஃப்டன் ஹால் சுரங்கத்தின் மேலிருந்த அப்படியொரு கிணறு சரிந்தது. மேலே இருந்த வீடுகளும் உள்ளிறங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அடியில் செங்கல் உதிர்வது முன்பே கண்ணில் பட்டிருந்தது. அதற்கு நேர் மேலே ஒரு கிணறு இருப்பதுதான் தெரியவில்லை.

கே: இங்கிலாந்தின் பாத் நகரின் கூம் டவுன் சுரங்கத்தில் சைக்கிள் ஓட்டலாமாமே?

ப: ஆம். 1874-இல் திறந்து 1966-இல் மூடிய பாதை, 2013 முதல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும். 1,672 மீட்டர். வெளியே வெயிலடித்தாலும் உள்ளே குளிரும், மேல்சட்டை கட்டாயம். விளக்குகள் இரவில் அணைந்துவிடும். சொந்த விளக்கும் வேண்டும். இந்தச் சுரங்கத்தில் நடுவே காற்றுக் கிணறே கிடையாது. 1929-இல் மெதுவாகச் சென்ற ஒரு சரக்கு ரயிலின் ஓட்டுநரும், எஞ்சினில் கரி போடுபவரும் புகையில் மயங்கினர். ரயில் கட்டின்றி இறக்கத்தில் ஓடி பாத் சரக்கு யார்டில் மோதியது, மூவர் பலி.

கே: வேறு என்ன பயன்?

ப: சுரங்கத்தின் வடிவத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் கேட்ஸ்பி சுரங்கம் 2.7 கி.மீ.க்கு நூல் பிடித்தாற்போல் நேராக, ஒரே சரிவில் செல்கிறது. அங்கே காற்றின் இடையூறு இல்லாமல் கார்களைச் சோதிக்கிறார்கள். அதே நாட்டின் உட்ஹெட் சுரங்கத்தில் 4 லட்சம் வோல்ட் மின்கேபிள் போகிறது. எதற்கும் உதவாததை வௌவால்களுக்கு விடலாம்: வாயிலில் கிடைமட்டக் கம்பிகள், இடைவெளி 13 முதல் 15 செ.மீ. செங்குத்துக் கம்பி போட்டால் அவை சிறகை விரித்து நுழைய முடியாது.